பனிக்குக் காத்திருக்கும் பெட்டிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வின்னிபெக்கில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கதைப் புத்தகம் செப்டம்பரிலேயே அச்சாகி வந்துவிட்டது. தரையில் பனி விழும்வரை நம் பழங்குடியின் குளிர்காலக் கதைகளைச் சொல்லவோ திறக்கவோ கூடாதென்று, நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தை நடத்தும் ஜோசெட் எல்லாப் பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். இப்போது அவைதான் எனக்கு நாற்காலி.

"அட்டையை மட்டும் பாத்துக்கறேனே," என்றேன்.

"ஏண்டி, பட்டம் வாங்கினவளே! ரெண்டு மாசம் பொறுத்தா பட்டம் கரைஞ்சா போயிடும்?" என்றாள்.

என் அவசரம் எனக்கு. பின்னட்டைக்கு உங்கள் படத்தையும், உள்ளே ஒரு மூலைக்குச் சித்தி படத்தையும் ஒரே உறையில் போட்டு அச்சகத்துக்கு அனுப்பியவள் நான். எது எங்கே போனதோ! பின்னட்டையில் சித்தி இருந்தால், நீங்கள் இருவரும் இன்னொரு பதினோரு வருடம் பேசிக்கொள்ள மாட்டீர்கள்.

நேற்று ஜோசெட் வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஜன்னலைப் பார்த்தேன். நல்ல வெயில். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

நம் ஏரியில் விளையும் காட்டரிசி கொஞ்சம் அனுப்புங்கள்; கடையில் வாங்கியது வாயில் வைக்க முடியவில்லை. இங்கே விழாவிட்டாலும், வடக்கே நம் ஊரில் பனி விழுந்தாலே பெட்டியைத் திறக்கலாம் என்று ஜோசெட்டைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். விழுந்த உடனே கூப்பிடுங்கள். விழாவிட்டாலும் கூப்பிடலாம்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
வெர்னா