ஒரு சங்கு பால்

பெடாஸ் தோட்டம்,
3.2.1954

அன்புத் தங்கச்சி பஞ்சாலைக்கு,

அக்கா மயிலம்மாள். நாலு வருடம் கழித்து என் எழுத்தைப் பார்க்கிறாய். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்து நாற்பது நாளாகிறது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி என்றால் தோட்டமே நடுங்கிய காலம் போய், இப்போது ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார்கள். உயிர் மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. லயத்து வீடுகளில் எல்லோரும் பால் ஊற்றியாகிவிட்டது. பூசாரி சன்னாசி, கோயில் மண்ணைக் கரைத்துக்கூட ஊற்றிப் பார்த்தார். "வயிறெரிஞ்ச கை ஒண்ணு வரணும்மா. அது ஊத்தினாத்தான் போகும்" என்கிறார். யார் கை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

உன் மாமா உன் பெயரைத்தான் அனத்துகிறார். ஒரு சங்கு பால் ஊற்றிவிட்டுப் போ. தோட்டத்துக் கேட்டில் பட்டாளத்துச் சோதனை பலமாக இருக்கிறது, அடையாளக் கார்டை மறக்காதே.

உன் அக்கா
மயிலம்மாள்


சிரம்பான்,
9.2.1954

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். உன் புருஷன் இழுத்துக்கொண்டு கிடப்பதைப் படிக்க இனிப்பாக இருந்தது. பொய் எதற்கு?

என் புருஷன் வீரமுத்துவுக்கு யார் பால் ஊற்றினார்கள்? ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை, "பட்டாளத்து ஐயா கார்டு பாக்கணுமாம். வா லா, ரெண்டு நிமிசம்" என்று உன் புருஷன்தான் கூட்டிப் போனான். அங்கே போய் விரலை நீட்டி, கம்யூனிஸ்டுக் காட்டுக்காரனுங்களுக்கு அரிசி கொடுத்தவன் இவன்தான் என்று காட்டிக் கொடுத்தான். அன்று மத்தியானமே சுட்டுவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க உடம்பை வெயிலில் போட்டு வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். நான் காலில் விழுந்து கேட்டேன். தரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. வாய்க்கரிசி இல்லை, கொள்ளி இல்லை.

நான் மசாலா அரைக்கும் சாப்பாட்டுக் கடை முதலாளி பக்கீர் முகம்மது ராவுத்தர், அவர்கள் ஜனத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிறவர். உன் கடிதத்தை அவரிடம் சொன்னேன். "கொலைப்பட்டவனோட சொந்தத்துக்கு மன்னிக்கிற உரிமை இருக்கும்மா. மன்னிச்சா பெரிய நன்மை. ஆனா யாரும் ஒன்னைக் கட்டாயப்படுத்த முடியாது" என்றார்.

குழி வெட்ட உன் புருஷனைத்தான் கூட்டிப் போனார்கள் என்று அப்போதே பேச்சு. இடத்தைச் சொல்லச் சொல். சொன்னால் வருகிறேன்.

பஞ்சாலை


பெடாஸ் தோட்டம்,
14.2.1954

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பஞ்சாலை வருவாளா?" என்றார். "வர்றேன்னு எழுதியிருக்கா" என்றேன். அதற்கப்புறம்தான் வாய் திறந்தார். கோலா சாவா சாலையில் மூன்றாம் மைல் கட்டை தாண்டி, இடது பக்கம் லாலான் புல் காட்டுக்குள் ஒரு பாறை இருக்கிறதாம். அதற்குக் கிழக்கே பத்து எட்டு வைத்தால் குழி. தலையைத் தெற்கே வைத்துத்தான் இறக்கினாராம். அதையாவது செய்தேன் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். அதை மறைத்தால் பாவம் எனக்கு வரும். "அரிசி குடுத்தது நாந்தான் மயிலு. காட்டுக்காரனுங்க நெத்தியில துப்பாக்கிய வச்சுக் கேட்டானுங்க, குடுத்தேன். அந்த சேதி பட்டாளத்துக்குப் போயிருச்சு. அவங்களுக்கு ஒரு ஆள் வேணும்."

"அதுக்கு என் தங்கச்சி புருசனையா காட்டுவீங்க?"

"பக்கத்து மர நெரையில நின்னான்."

அவ்வளவுதான் காரணம். இவரை நம்பித்தான் உன்னோடு நாலு வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது கஞ்சி ஊட்டக் கை கூசுகிறது. கூசிக்கொண்டே ஊட்டுகிறேன். சீக்கிரம் வா.

மயிலம்மாள்


சிரம்பான்,
25.2.1954

அக்காவுக்கு,

தோண்டிவிட்டோம். ராவுத்தர்தான் அலைந்து அனுமதிச் சீட்டு வாங்கினார், கூடவும் வந்தார். முழங்கால் ஆழம்கூட இல்லை. கூலியாள் மண்வெட்டியை ஓங்கியபோது ராவுத்தர் தடுத்துவிட்டு, தானே குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். "செத்தவன் எலும்ப ஒடைக்கிறது, உயிரோட இருக்கறவன் எலும்ப ஒடைக்கிற மாதிரிதாம்மா" என்றார். வேறு சாமி கும்பிடுகிற மனுஷன். என் புருஷனுக்காக அன்றைக்கு அவர் வேட்டியெல்லாம் சேறு.

இரண்டு மணிக்கட்டும் கம்பியால் கட்டியபடியே இருந்தன. நான்தான் அவிழ்த்தேன். வாய் இருந்த இடத்தில் அரிசி போட்டேன். பிறகு எரித்தோம்.

நான் வரமாட்டேன். வருகிறேன் என்று எழுதியது பொய். "ரெண்டு நிமிசம்" என்று உன் புருஷன் சொன்னதைவிடப் பெரிய பொய் இல்லை. இந்தக் கடிதத்தை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்கட்டும்.

பஞ்சாலை


பெடாஸ் தோட்டம்,
6.3.1954

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படிக்கவில்லை. அது கைக்கு வந்த செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் போய்விட்டார்.

அவருக்குக் கண் முற்றாக மங்கிவிட்டிருந்தது. ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். நம் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும் என்று அம்மா சொல்வாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சங்கில் பாலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, பஞ்சாலை வந்திருக்கேன்" என்றேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிட்டியாம்மா?"

"மன்னிச்சிட்டேன் மாமா."

மூன்று மடக்கு இறங்கியது. நாலாவது கடைவாயில் வழிந்தது.

அவர் செய்ததற்கு இப்படி நிம்மதியாகப் போகத் தகுதி இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்த இழுப்பை என்னால் இன்னொரு நாள் பார்த்திருக்க முடியாது. நீ ஒரு பொய் சொன்னாய், நான் ஒன்று சொன்னேன். வருகிற பதினேழாம் தேதி கருமாதி. எனக்கும் உன்னைவிட்டால் யாரும் இல்லை. வருவாயா?

உன் அக்கா
மயிலம்மாள்


சிரம்பான்,
18.3.1954

மயிலம்மாளுக்கு,

என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரே உரிமைதான். அதைக் கேட்காமல் எடுத்து, கொன்றவன் வாயில் ஊற்றிவிட்டாய். அதுவும் என் பெயரைச் சொல்லி.

ராவுத்தரிடம் சொன்னேன். "அவங்க குடுத்தது செல்லாதும்மா. ஒன் மன்னிப்பு இன்னமும் ஒங்கிட்டதான் இருக்கு" என்றார். இருக்கட்டும். நான் தரப்போவதில்லை. போன இடத்திலும் அவன் கேட்டுக்கொண்டே நிற்கட்டும்.

நேற்று நீ அங்கே கருமாதி செய்துகொண்டிருந்த நேரம், நான் போர்ட்டிக்சன் கடலில் சாம்பலைக் கரைத்தேன். மூன்று முறை தலைமுழுகச் சொன்னார்கள்.

இரண்டு முழுக்கு வீரமுத்துவுக்கு. மூன்றாவது உனக்கு.

பஞ்சாலை