ஸ்பீக்கரில் வந்த குரல்

ஞாயிறு, கச்சிராயபாளையம்

கள்ளக்குறிச்சியில் வாங்கிவந்த புரொஜெக்டரைச் சாயங்காலம் கூடத்துச் சுவருக்கு நேராக வைத்தேன். படம் தெளிவாக விழுந்தது. சத்தம் மட்டும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போகவில்லை. ஸ்பீக்கரை அணைத்து மறுபடி போட்டேன். அதில் திடீரென்று என் மச்சினியின் குரல் வந்தது.

"அக்கா, சேலத்துல குடுத்த ரிப்போர்ட்ட மாமாகிட்ட காட்டிட்டியா, இல்லியா?"

சமையலறையில் என் மனைவி செல்வி போனைக் காதில் வைத்துக்கொண்டு "அலோ, அலோ" என்றாள். சமைக்கும்போது அவள் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் அது. மறுபடி போட்டதும் தானாக அவள் போனோடு சேர்ந்துவிட்டது. சட்டென்று அணைத்துவிட்டேன்.

போன மாதம் கல்யாணத்துக்கு என்றுதான் சேலம் போனாள். என்ன ரிப்போர்ட்? யாருடையது?

பேசி முடித்து வந்தவள், "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஸ்பீக்கர் கனெக்ட் ஆவல."

"இதுக்கா இவ்ளோ யோசன?" என்று தோளில் கை வைத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தமில்லாமலே படம் பார்த்தோம்.

இப்போது தூங்குகிறாள். அவளே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேனா, கேட்கப் பயப்படுகிறேனா, எனக்கே புரியவில்லை.