பதினாறாம் அத்தியாயம் திறக்கவில்லை

என் ஆசைச் சம்மந்தி மகாவுக்கு,

நம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து வந்தால் பாதியில் எனக்குக் கை நின்றுவிடும்.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நாம் உறவுக்காரர்கள் இல்லை. தொண்டியில் என் வீடு பள்ளிவாசல் பக்கம், உன் வீடு கருவாடு காயும் கரைப் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் இருவரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதத் தொடங்கினோம். கதிர் நான் பெற்ற பிள்ளை, வேணி நீ பெற்ற பிள்ளை. மூன்றாம் அத்தியாயத்தில் அவர்களுக்குக் கல்யாணம் பேசினோம். அன்றிலிருந்து நாம் சம்மந்திகள். "என்ன சம்மந்தி, மாப்பிள்ளை இன்னும் வேலைக்குப் போகலையாக்கும்? எங்க பொண்ணை என்ன காத்தைக் குடிச்சுக் கெடக்கச் சொல்றியளா?" என்று நீ அறிவியல் வகுப்பில் கேட்டு, நாம் இருவரும் வெளியே நின்றது நினைவிருக்கிறதா?

ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு, இரட்டைப்படை உனக்கு. வாப்பா சவுதியிலிருந்து வந்தபோது வாங்கி வைத்த கம்ப்யூட்டரில்தான் எல்லாம். சனிக்கிழமைகளில் நீ வந்து இரண்டு விரலால் தட்டுவாய். ஒருத்தி எழுதியதை மற்றவள் உடனே படிக்கக் கூடாது, தன் முறைக்கு எழுத உட்காரும் அன்றுதான் திறக்க வேண்டும் என்று சட்டம் போட்டது நான். அப்போதுதான் சூடு ஆறாமல் எழுத வரும் என்று பெரிய எழுத்தாளர் மாதிரிச் சொன்னேன்.

பதினாறை முடித்த அன்று நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "ஒன் பையனைக் கடலுக்கு அனுப்பிட்டேன்டி. எம்பொண்ணு கரையில நிக்கிறா. வாரானா இல்லையான்னு உள்ள இருக்கு, நீயே பாத்துக்க" என்றாய். நான் அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன்.

கணக்குத் தேர்வன்று உன் இடம் காலியாக இருந்தது. காய்ச்சல் என்றார்கள். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். நான் அன்று சாயங்காலம் வடிவியல் போட்டுக்கொண்டிருந்தேன், மகா. உன்னைத் துணி சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகு மூன்று மாதம் நான் அந்தக் கம்ப்யூட்டரின் உறையைத் தூக்கவே இல்லை. படித்துவிட்டால் முடிந்துவிடும் அல்லவா? படிக்காதவரை நீ என்னிடம் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பதினான்கு வரை அச்செடுத்து வைத்திருந்தோம். பதினைந்து என்னுடையது, எனக்கு மனப்பாடம். பதினாறு மட்டும் அந்தப் பெட்டிக்குள். பென்டிரைவில் ஏற்றி வை என்று நீ எத்தனை முறை சொன்னாய்!

பங்குனியில் உன் அம்மா என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "அவ ஒங்க வீட்டுல என்னமோ எழுதி வச்சிருக்கான்னியே தாயி. எனக்கு எழுத்துத் தெரியாது. அவ பொறந்த நாளு வருது. வந்து வாசிச்சுக் காட்டு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். "வாரேன் அத்தை" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் பிறந்த நாளுக்கு முந்திய நாள் காலையில் குளித்து, தாவணியைச் சரிசெய்துகொண்டு, பரீட்சைக்குப் போவது போல அதன் முன்னால் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டி மட்டும் மூன்று முறை நீளமாகக் கத்தியது.

ஸ்டெபிலைசரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. திரையின் வயரைப் பிடுங்கி ஊதி மாட்டினேன். மெயின் சுவிட்சை அணைத்து நூறு எண்ணிவிட்டுப் போட்டேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். ஒருதரம் கத்தல் நின்று திரையில் ஏதோ மினுங்கியது போலிருந்தது. அந்த ஒரு மினுங்கலை நம்பி மத்தியானம் வரை அணைப்பதும் போடுவதுமாக இருந்தேன். உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் தொடங்கியதைக் கேட்டேன். அது விழித்துக்கொள்ளும் சத்தம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே ரபீக் அண்ணன் வந்தார். பேருந்து நிலையம் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். பெட்டியைக் கழற்றியதும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன சாச்சி, உள்ள தர்கா வாசம் வருது?"

உம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "வியாழக்கெழம சாம்பிராணி போடும்போது அதுக்கும் கொஞ்சம் காட்டுவேன்பா. ஒறையத் தூக்கி, பின்னாடி ஓட்டை வழியா. கடக்கரை வீடு, ஈரம் அடைஞ்சிரக் கூடாதுன்னு. இந்தப் புள்ள வேற அதைத் தொடுறதே இல்லயா..."

"நாலு ஊருல கடை வச்சுப் பாத்துட்டேன், கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டின வீடு இதுதான்" என்று ரபீக் அண்ணன் சிரித்தார். உம்மாவும் சிரித்தார். உள்ளே விசிறி இறகெல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

அவர் ஒரு நீளப் பட்டையை உருவினார். அதுதான் மெமரி, அதன் ஓரத்துச் செப்புப் பல்லில் உப்புப் பூத்திருக்கிறது என்று காட்டிவிட்டு, "தங்கச்சி, அழிரப்பர் இருக்கா?" என்றார். என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்ததைக் கொடுத்தேன். மகா, அது உன்னுடைய ரப்பர். ஓரத்தில் நீ கடித்த பல் தடம் இருக்கிறது. அதைக் கொண்டுதான் தேய்த்தார். திரும்ப மாட்டி அழுத்தினார். பெட்டி கத்தவில்லை. திரை வெளுத்தது!

நான் சத்தம் போட்டுவிட்டேன். நீயே வந்துவிட்டது மாதிரி இருந்தது. அந்த அரை நிமிடம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது.

அப்புறம் கறுப்பில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து வந்தது. துவங்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று. டிக், டிக், டிக்.

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு உடனே அணைத்தார். வட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார், நானும் கூடவே போனேன். வேறு வயரில் மாட்டினார், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இருந்தது.

"மெமரி மட்டும் போயிருந்தா பரவால்ல. இது ஹார்ட் டிஸ்க்கு. உள்ள படிக்கிற முள்ளு ஒடஞ்சு தட்டுல ஒரசுது. ஒரச ஒரச எழுத்தெல்லாம் சொரண்டிக்கிட்டுப் போயிரும். சத்தம் வந்தப்புறம் ரொம்ப நேரம் போட்டியளா?"

"கொஞ்ச நேரம்" என்றேன்.

"மெட்ராஸ்ல தொறந்து பாக்குற ஆளுக உண்டு. ஆனா இவ்வளவு ஒரசுனதுல ஒண்ணும் தேறாது தங்கச்சி. நம்பிக்கையா இருக்காதிய."

வீட்டில் உம்மாவிடம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சாம்பிராணிச் சட்டியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். "என் கையாலதான் போச்சு. அந்தப் புள்ள எழுதுனதை நானே பொகச்சுட்டேன்" என்று இன்றுவரை யார் வந்தாலும் சொல்கிறார். அடுத்து வந்த வியாழனிலிருந்து எங்கள் வீட்டில் புகையே இல்லை.

உம்மாவிடம் நான் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். புகையாகவும் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம், முள் ஏன் உடைந்தது என்று ரபீக் அண்ணனுக்கே தெரியாது. ஆனால் சுரண்டியது நான். காலையிலிருந்து மத்தியானம் வரை, உன் வரிகளின் மேல், என் விரலால். டிக் என்று கேட்டபோதே எடுத்திருந்தால்? இந்த மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பக்கத்தை உம்மாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன். அதுவரை எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் உன் பிறந்த நாள். வெறுங்கையோடு போக மனம் வராமல், காலையில் நோட்டில் பதினாறை நானே எழுதப் பார்த்தேன். நீ எழுதியது என்று சொல்லி வாசித்துவிடலாம், அத்தைக்குத் தெரியவா போகிறது? இரண்டு பக்கம் எழுதினேன். கடல் நீலமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். நீ ஒரு நாளும் கடலை நீலம் என்று எழுதியதில்லை. கிழித்துப் போட்டேன்.

உன் அம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்காகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, உட்கார்ந்தார். வட்டு, முள், உரசல் எல்லாம் சொன்னேன்.

"அப்ப வராதா?"

"வராது அத்தை."

"அதுல என்ன எழுதிருக்கான்னு வாயாலயாவது சொன்னாளா?"

கதிர் கடலுக்குப் போனதையும் வேணி கரையில் நிற்பதையும் சொன்னேன். திரும்பி வந்தானா என்பது உள்ளே இருந்தது என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "டீசல் எம்புட்டு ஊத்துனான்? ஐஸ் எத்தன பொட்டி ஏத்துனான்? அத வச்சுத்தான எத்தனாம் நாளு வருவான்னு சொல்ல ஏலும். சொன்னாளா?"

"சொல்லல அத்தை."

"கேட்டுருக்கலாம்ல தாயி."

கேட்டிருக்கலாம், மகா. நாற்காலியைத் தள்ளி நீ எழுந்த அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டான்னு எழுதிரு தாயி. பாவம், அந்தப் புள்ள எம்புட்டு நேரந்தான் நிப்பா?" என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பதில் இதுதான். கதிர் என் பிள்ளை, ஆனால் அவனை அனுப்பியது நீ. எவ்வளவு டீசல், எத்தனை பெட்டி ஐஸ் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். வந்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். வரவில்லை என்றும் எழுத மாட்டேன். என் பெயரைப் போட்டு எதை எழுதினாலும் பதினாறு என்ற எண்ணை மட்டும் தொடவே மாட்டேன். பதினைந்தை நினைவிலிருந்து எழுதி, பதினான்கோடு சேர்த்துத் தைத்து, உன் அம்மாவிடம் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து வேணி கரைக்குக் கிளம்பும் வரி வரை வாசித்துக் காட்டுவேன். அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
பையனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு எந்தத் தகவலும் இல்லாமல் இருக்கும்
உன் சம்மந்தி
நஸ்ரின்