சோர்வுக்கு முன்னால் நான் ஒட்டிய சொல்

அண்ணி,

இன்று காலை பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்தது. நாலடி தள்ளிப் பாய் போட்டுப் படுத்திருந்தேன். வாடை மூக்கில் ஏறுகிறது, எழுந்து அணைக்க முடியவில்லை. அண்ணன்தான் குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தார். "மூக்கு கூடவா வேலை செய்யல?" என்றார். இப்படிப் பால் தீய்ந்த ஒரு நாளில்தானே உங்களை வேலைக்கள்ளி என்று வாய் கூசாமல் சொன்னேன்.

சிக்குன்குனியா வந்து போன பிறகு நீங்கள் நிமிரவே இல்லை. எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர் டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனவள் நான். "என்னம்மா செய்யுது?" என்று அவர் உங்களைத்தான் கேட்டார்.

"சோர்வா இருக்கு டாக்டர். தூங்கி எழுந்தாலும்..."

மூச்சு வாங்க நிறுத்தினீர்கள். நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? "மனச்சோர்வுதான் டாக்டர், குழந்தை இல்லைங்கிற கவலை" என்று நானே முடித்துவைத்தேன். அவர் அதையே எழுதினார். அதன்பிறகு எந்த டாக்டரும் அந்த வரியைத் தாண்டி உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. என்னைத் திட்டியிருக்கலாம் நீங்கள். சிரித்தீர்கள். "சோர்வுன்னுதானே சொன்னேன். மனசை எதுக்குடி முன்னாடி கொண்டுவந்து ஒட்டினே?"

நடந்தால் சரியாகும் என்று அம்மா மண்டபம் படித்துறை வரை உங்களை இழுத்துப்போனேன். வந்து மூன்று நாள் படுத்த படுக்கை. நடிப்பு என்றேன். ஐயோ, சொன்னேனே! கடைசியில் நிஜமாகவே உங்களுக்கு மனசும் விட்டுப்போயிற்று. சுவரைப் பார்த்தே கிடந்தீர்கள். "இப்ப நீ சொன்னது சரியாப் போச்சு. ஆனா இது பின்னாடி வந்ததுடி, நம்பு" என்றீர்கள். போனில் எதையோ படித்துவிட்டு, "இந்த மாதிரி சோர்வுல மூளைக்குள்ள என்ன மாறுதுன்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். கண்டுபிடிச்சா முதல்ல உனக்குத்தான் காட்டுவேன்" என்றீர்கள். போன வருஷம் நிமோனியா வந்து ஒரே வாரத்தில் போய்விட்டீர்கள்.

எனக்கும் ஒரு காய்ச்சலுக்குப் பின் இதே சோர்வு, இது எட்டாவது மாதம், அண்ணி. நானும் போனில் தேடுகிறேன். இன்னும் ஆராய்ச்சி நடக்கிறதாம். நாலு வரி படிப்பதற்குள் எழுத்து கலைகிறது. கோளாறு உடம்பிலா, மனசிலா, மூளையிலா, எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. உங்களை விட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. உங்களையோ நான் பேசவே விட்டதில்லை.

நேற்று அதே டாக்டரிடம் போனோம். அண்ணன் எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆனால் என் வியாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"டாக்டர், மூணு வருஷம் முன்னாடி எங்க அண்ணியைக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்குப் பேசினது நான். அவங்க சொல்றதைக் கேட்டு நீங்க திரும்ப எழுதணும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "அதுக்கென்ன, கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.