கடைசிப் பக்கத்தை மாற்றச் சொன்னேன்

14 ஒக்டோபர், செவ்வாய்

பவித்ராவிடம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பின்னேரத்திலிருந்து தலையிடி.

நான் படிப்பிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அவள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பாள். லீவு நாட்களில் தகப்பனோடு வாவியில் வலை வீசுவாள். சிறுகதைப் போட்டிக்குத் தன்னைப் போல ஒருத்தியைப் பற்றியே எழுதித் தந்தாள். நல்ல கதை. ஆனால் நடுவர்களை எனக்குத் தெரியும்.

"கடைசியில அவள் கொஞ்சம் அடங்கி, சாறி உடுத்து வாறமாதிரி முடி புள்ள. அப்பதான் பரிசு கிடைக்கும்" என்றேன்.

"அவள் என்ன பிழை செஞ்சவள் டீச்சர்?"

வரவு இடாப்பைத் திறந்துகொண்டேன்.

இடைவேளைக்குள் புதுப் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்தாள். நான் சொன்னபடியே இருந்தது. ஒரு எழுத்துப்பிழை இல்லை.

"இந்தாங்க டீச்சர். என்ட பேரப் போடாதீங்க. இது உங்கட கதை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் வயதில் நான் கல்லடிக் கடற்கரையில் பொடியன்களோடு கிரிக்கெட் விளையாடினவள். யாரும் அடித்து நிறுத்தவில்லை. "பொம்பிளப் புள்ளையா இரு மகள்" என்று அம்மா ஒவ்வொரு நாளும் மெதுவாகத்தான் சொன்னா. அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அவளுடைய பழைய கடைசிப் பக்கத்தையே சேர்த்து, பெயரும் எழுதி, உறையை ஒட்டிவிட்டேன். பரிசு கிடைக்காது. அதிபர் ஏனென்று கேட்பார், கேட்கட்டும்.

நாளைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவேணும். பிள்ளையிடம் டீச்சர் மன்னிப்புக் கேட்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பார்த்ததில்லை. எப்படித் தொடங்குகிறதென்று தெரியவில்லை.