வேளாக் குட்டியும் உன் அப்பாவின் வலது கையும்

சேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லினெட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம், உன் அண்ணன் டோனி வீட்டிலும் நலம், நீயும் அந்த ஆஸ்திரேலியாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பாவை மட்டும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கொடுக்கிறார், அதனால்தான் கடிதம்.

எல்லாம் உன்னால் வந்தது. மீன் ஆராய்ச்சி என்று போன டிசம்பரில் வந்தவள், ரம்ப மூக்கு வேளா மீன் சுறா இல்லை, திருக்கைக்குச் சொந்தம், செவுள் அடியில் இருக்கும், குட்டி போடும், குட்டிகள் முகத்துவாரத்துச் சேற்றுத் தண்ணீரில் வளரும், உலகத்திலேயே அழியப்போகிறது, புலிக்கு இருக்கிற சட்டம் இதற்கும் உண்டு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து இந்த மனுஷன் வீராம்பட்டினத்துக்குப் படகு இன்ஜின் ரிப்பேருக்குப் போனால் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு இதே பாடம்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவர்களுக்கு இவர் மீனைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார், மானம் போகிறது. "மெக்கானிக்கு, எங்க தாத்தா காலத்தோட அது போயிடுச்சி" என்று சிரிக்கிறார்களாம்.

போன வியாழன் காத்தவராயன் படகில் இன்ஜினைச் சோதித்துப் பார்க்க ஏறியிருக்கிறார். முகத்துவாரம் பக்கம் வலையை இழுத்தால் உள்ளே வேளாக் குட்டி, ஒரு கை நீளம். ரம்பம் மாதிரி இருக்கிற அந்த மூக்கு வலையில் பின்னிக்கொண்டால், மூக்கை வெட்டி வலையைக் காப்பாற்றுவதுதான் அந்தக் காலத்து வழக்கமாம். அவன் கத்தியை எடுத்ததும் இவர், "மூக்கு போச்சின்னா அது எத வச்சிடா இரை தேடும், வலைய அறு" என்று கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டார். அறுபத்திரண்டு வயதில்! அவன் திட்டிக்கொண்டே புது வலையை அறுத்தான், இவர் அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் போய்விட்டது, சட்டைப்பையில் இருந்த போனும் போய்விட்டது, உள்ளங்கை கிழிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

காத்தவராயனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நா எதையும் பாக்கல, ஆள வுடு" என்கிறான். புலிச் சட்டம், ஜெயில் என்று மாதக்கணக்காக அவனை மிரட்டியதே இவர்தான், பிறகு எப்படி வாயைத் திறப்பான்? கடற்கரையே சிரிக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டார். டோனியின் போனை வாங்கி அவர் உன்னிடம் ஆசையாகச் சொன்னபோது நீ, "போட்டோ இல்லன்னா பதிவு பண்ண முடியாதுப்பா, வேற ஏதாவது மீனா இருக்கும்" என்றாயாமே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வாய் ஓயாத மனுஷன் நாலு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் ஆராய்ச்சியில் எழுத வேண்டாம், அதற்கு முறை இருக்கும். ஆனால் மீன் எவ்வளவு நீளம், எத்தனை பல் என்று துருவித் துருவிக் கேட்டாயே, எத்தனை தையல் என்று கேட்டாயாடி? ஒன்பது. வலது கை என்பதால் நான்தான் சோறு ஊட்டுகிறேன். நேற்று இரண்டு வாய் வாங்கிவிட்டு, "அவகூட நம்பல இல்ல, ஆரோக்கியம்?" என்றார். அதற்குப் பதில் நீ சொல்.

ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்த அன்றே டோனி நம்பருக்குக் கூப்பிடு, என்னிடம் பேச வேண்டாம், அவரிடம் பேசு.

கோபம் தீராத உன் அம்மா,
ஆரோக்கியம் சவரிராயன்