அப்பாவால் முடியாது என்று சொன்னாயாமே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா முழு நலம், நான் முக்கால் நலம். மீதிக் கால் பங்கு பயம், அது எனக்குப் புதிதல்ல என்பதால் நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், அவருடைய முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். தொலைபேசி இருக்க இவர் ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நினைப்பாய். உன் அம்மா பேசி முடித்து அது என் கைக்கு வரும்போது ‘சாப்பிட்டியாம்மா’ என்பதற்கு மேல் இடம் இருப்பதில்லை; அதோடு, நான் சொல்லப்போவது இப்போதைக்கு அவள் காதில் விழக் கூடாத விஷயம். இரண்டு முறை வரைவு எழுதிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையாக நல்ல தாளில் எழுதுகிறேன். அப்படியும் எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம், ‘அப்பாவால முடியாதும்மா, அவரைப் போட்டுப் படுத்தாதே, அந்த மலையூரெல்லாம் வேணாம்’ என்று சொன்னாயாமே. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். அவள் போனை வைத்ததும், இறக்கி வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் மறுபடி பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். நீயே சொல்லிவிட்ட பிறகு நான் வேறு வாய் திறக்க வேண்டுமா என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். தென்மேற்கு மலையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஆறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. அதை நடத்துகிற டாக்டரம்மா, உன் அம்மாவோடு ஒரே வார்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். அங்கே இருந்த தலைமை நர்ஸ் கணவரோடு வேறு ஊர் போகிறார். அந்த இடத்துக்கு உன் அம்மா வேண்டும், முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, அறுபத்திரண்டு வயதில், இப்படி ஒருவர் ‘நீதான் வேணும்’ என்று கூப்பிடுவது இன்னொரு தடவை நடக்காது. நான் வராமல் அவள் போகவும் மாட்டாள். ‘நீங்க இல்லாம அங்க போய் நான் யாரோட சண்டை போடறது’ என்பது அவள் சொல்லும் காரணம்.

அழைப்பு வந்த மறுநாளே நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை அந்தப் பக்கம் தொல்லை என்று எழுத ஆரம்பித்தேன். எழுதினால் மட்டும் போதாது, பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆகவே பதினைந்து நாள், மலையூரில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு இந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே வாழ்ந்து பார்த்தேன். சிரிக்காதே. அங்கே எங்கு போனாலும் ஏற்றம் என்பதால் லிஃப்டைத் தொடவில்லை, காய்கறிப் பையோடு படியில்தான் ஏறினேன். அங்கே புதன்கிழமை மட்டும்தான் சந்தை, ஆகவே இங்கேயும் புதன்கிழமை தவிர மற்ற நாளில் காய் வாங்குவதில்லை. அங்கே மத்தியானம் கரண்ட் போகும் என்று கேள்வி, ஆகவே இரண்டு முதல் நான்கு வரை மெயினை அணைத்துவிடுவேன். குளிருக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஃபேனை முழு வேகத்தில் விட்டு எதிரே ஈரத் துண்டைக் கட்டி உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சளி பிடித்ததுதான் மிச்சம், அதைத் தொல்லைப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மருந்துக்கடைக்கு அங்கே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இங்கேயோ அது எதிர் வாசலில் இருக்கிறது. ஆகவே பூங்காவை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கடைக்குள் நுழைவது என்று வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் காவலாளி ஓடி வந்து, ‘சார், வீட்டுல ஏதும் பிரச்சினையா, கதவைச் சாத்திட்டாங்களா, நான் வேணா அம்மாகிட்ட பேசட்டுமா’ என்று ரகசியமாகக் கேட்டார். எதிர் வீட்டு அம்மாளை உனக்கு நினைவிருக்கும், நீ ‘வானொலி’ என்று பெயர் வைத்தாயே, அவர் ‘அண்ணன் மருந்துக்கடைக்காரரோட பேச்சுவார்த்தை இல்லையாம், அதான் உள்ள போக யோசிச்சு யோசிச்சுச் சுத்தறாரு’ என்று நான்கு மாடிக்கும் ஒலிபரப்பிவிட்டார். மருந்துக்கடைக்காரரே ஒருநாள் வெளியே வந்து, ‘ஐயா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பொறுமையாகத்தான் இருந்தாள். கடைசியில் ஒரு மத்தியானம், இருட்டுச் சமையலறையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ‘என்னங்க, நீங்க ஒத்திகை பாக்கறது ஊருக்குப் போறதுக்கா, ஜெயிலுக்குப் போறதுக்கா’ என்றாள். ‘அங்க காத்து நல்லா இருக்குமாம், அதுக்கு ஒத்திகை எதுவும் கிடையாதா’ என்றும் கேட்டாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். தொல்லை முப்பத்தொன்று, நன்மை ஒன்பது, அந்த ஒன்பதிலும் காற்று இல்லை. வேண்டுமென்றே விட்டதல்ல. அந்தப் பக்கம் யோசிக்கவே என் புத்திக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். பஸ்ஸில் எனக்குத் தலைசுற்றியதை அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள், மீதியைச் சொல்லவில்லை. சொன்னால் தன் ஆசையைச் சொன்னதாகிவிடும் என்று விட்டிருப்பாள், ஆகவே நான் சொல்கிறேன். பேருந்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தபோது அந்த மலைத்தடத்துக்கு நேரம் போட்டவனே நான்தான். ஒரு தடவைகூட அந்த வழியில் போனதில்லை. வரைபடத்தின் மேல் நூலை வளைத்து வைத்துத் தூரத்தை அளந்து, வளைவுக்கு அரை நிமிடம் கூட்டி, அதையே பெரிய தாராளம் என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷமாக அதே நேரம்தான் ஓடுகிறதாம், யாரும் மாற்றவில்லையாம். பத்தாவது வளைவில் எதிரே ஒரு லாரி வந்து வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. டிரைவர் ஸ்டியரிங்கை அடித்து, ‘இந்த டைம் போட்ட மகராசன் ஒருநாளாவது இந்த ரோட்டுல வந்திருப்பானா, வந்திருந்தா அவனுக்கே தலை சுத்தியிருக்கும்’ என்று கத்தினார். உன் அம்மா உடனே எழுந்து நின்று, ‘வந்திருக்காருங்க, இதோ, தலை சுத்தித்தான் உக்காந்திருக்காரு’ என்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையில் பிளாஸ்டிக் பையோடு நான் இருந்த கோலத்தில் எனக்கு மறுக்கவும் தெம்பில்லை. அடிப்பார்கள் என்றே நினைத்தேன். முன் இருக்கையில் கோஸ் மூட்டையோடு இருந்த ஒரு பெண்மணி, ‘அட, நீங்கதானா அது, எங்க மாமியாரு சாகற வரைக்கும் உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்துச்சு’ என்று ஏதோ உறவுக்காரரைக் கண்டது போலச் சந்தோஷப்பட்டார். டிரைவர் என்னை முன்னால் வரவழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வளைவிலும் ‘இதுக்கு எவ்வளவு சார் போட்டீங்க, அரை நிமிஷமா, பாத்துக்குங்க’ என்று வண்டியை ஒடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நிறுத்தும் இடத்துக்கு நான் நான்கு நிமிடம் போட்டிருந்தேன். கழிப்பறை வரிசையில் நான் ஏழாவது ஆளாக நிற்கும்போது அவர் ஹாரன் அடித்து, ‘சார், நாலு நிமிஷம் ஆச்சு, உங்க டைம்தான், எடுக்கட்டுமா’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றால் நம்புவாயா. பதவியில் இருந்த காலத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை.

ஊருக்குள் இறங்கி மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா காபி கொண்டுவரச் சொன்னார், அது வருவதற்குள், மரம் அறுக்கும் மில்லில் கை கிழிந்த ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உன் அம்மா கைப்பையை என் மடியில் போட்டாள், கையைக் கழுவினாள், யாரையும் கேட்காமல் எந்த அலமாரியில் எது இருக்கும் என்று எப்படியோ தெரிந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ‘என்னங்க, அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க’ என்றாள். ரத்தம் என்றால் நான் எப்படி என்பது உனக்குத் தெரியும். நீ முட்டியில் அடிபட்டு வந்த நாளில் உன்னைவிட நான்தான் அதிகம் அழுதேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடித்தேன். ‘கண்ணை மூடினா வெளிச்சமும் ஆடுது, திறங்க’ என்று அதட்டினாள். திறந்தேன். காயத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த ஆளிடம், ‘உங்க மில்லுல பலகை தீர்ந்து போச்சா, கையை அறுத்துப் பாக்கறீங்க’ என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே டாக்டரம்மா தைக்கத் தைக்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வருஷமாக நம் வீட்டில் டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும், ஒட்டியதைக் கிழித்து வேறு எழுதுவதுமாக இருந்தவள் இவள்தானா என்று இருந்தது. அப்புறம் வீட்டைப் பார்த்தோம். மருத்துவமனைக்குப் பின்னால் இருபத்தாறு படி. இறங்கும்போது எண்ணினால் இருபத்தைந்துதான் வந்தது, ஆகவே மறுபடி ஏறி எண்ணி இருபத்தாறுதான் என்று உறுதி செய்தேன். இரண்டு அறை, தகரக் கூரை, சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லை. நீங்கள் வந்தால் முன்னறையில் தாராளமாகப் படுக்கலாம், போர்வை மட்டும் கூடுதலாக வேண்டும். நான் படியில் உட்கார்ந்திருந்தபோது செய்தி பரவி நான்கைந்து பேர் வந்து, பஸ் வருவதற்குள் டாக்டரைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடுகிறது, அதைச் சரிசெய்து கொடுங்கள் என்றார்கள். எனக்கு இப்போது அதிகாரம் இல்லை என்றேன். கோஸ் மூட்டைப் பெண்மணி, ‘அதிகாரம் இல்லாட்டி என்னங்க, எழுதத் தெரியும் இல்ல’ என்றார். பதினோரு குறைகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் அந்த இரண்டு வரைவும். நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் உன் அம்மாவுக்குத் தலைமை நர்ஸ் பதவி வந்தது. உன் பரீட்சைக்காக அதை விட்டுவிட்டோம் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். ‘என்னாலதானே அம்மா போகலை’ என்று நீ கல்யாணத்துக்கு முன்தினம்கூட ஒரு வார்த்தை சொன்னாய். அது சரியில்லை. உன் பரீட்சையை நான் சாக்காக வைத்தேன். புது ஊர், புது வீடு, புது ஆட்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. யோசிக்கலாம், யோசிக்கலாம் என்று சொல்லியே கடைசித் தேதியைக் கடத்தினேன். உன் அம்மா அதை அறிவாள், ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவள் சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இந்தத் தடவை ‘அப்பாவால முடியாது’ என்ற நல்ல சாக்கை நீ எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாய். அதை எடுத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஆகவே நேற்றுக் காலை, அவள் காய் வாங்கப் போன நேரத்தில் (புதன்கிழமைதான்), பேச வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் நான்கு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். முதல் வாக்கியம் பாதியிலேயே அவர், ‘சார், வர்றீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, கையில ஊசி இருக்கு’ என்றார். வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றி சொல்ல மறந்தது நினைவுக்கு வந்து மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான், ‘அக்காவுக்குத் தெரியுமா’ என்று கேட்டார். இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றேன். நீண்ட நேரம் சிரித்தார், அந்த ஊசிக்காரர் பாவம்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நோட்டில் அந்த முப்பத்தொன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஜன்னல் கொக்கியைச் சேர்த்தால் முப்பத்திரண்டு. பயம் போகட்டும் பிறகு போகலாம் என்று இருந்தால் எனக்கு ஆயுசு போதாது, ஆகவே அதையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டே போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒன்பது நாள் ஆகும். அதற்குள் முப்பதாம் தேதி கடந்திருக்கும். உன் சம்மதத்தைக் கேட்டு எழுதுகிறேன் என்றுதான் உட்கார்ந்தேன், அப்படி எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த முறை பேசும்போது அம்மாவிடம், நல்ல முடிவும்மா என்று ஒரு வார்த்தை சொல். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ இரவு வேலை முடித்து வந்து வெறும் வயிற்றில் தூங்காதே, மாப்பிள்ளை மாடிப்படியில் ஓட வேண்டாம், வீட்டைப் பூட்டியபின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார். புது விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், உன் முகவரிப் புத்தகத்தில் பென்சிலால் அல்ல, பேனாவால் எழுதிக்கொள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியம் நினைத்த நேரத்தில் கைகூடி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். சமையலறையில் சத்தம் கேட்கிறது. இப்போது போய்ச் சொல்லப்போகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

உறையை ஒட்டுவதற்கு முன்: சொல்லிவிட்டேன். உன் அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ‘என்னைக் கேக்காமலா முடிவு பண்ணீங்க’ என்றாள். ஆமாம் என்றேன். ‘நாப்பத்தொரு வருஷத்துல முதல் தடவை’ என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், வானொலி வீட்டுக்குச் சொல்ல ஓடிவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. போய் அணைக்க வேண்டும்.